மலிவுத் தொப்பியின் கதை: கம்பளி, பீவர், பாதரசம்

2024 பெப்ரவரியில் கிராமி விருது விழாவுக்கு பியோன்சே ஒரு வெள்ளைக் கௌபோய் தொப்பியோட வந்து இருந்தார். அடுத்த மாதம் 'கௌபோய் கார்ட்டர்' இசைத்தொகுப்பு வந்தது. அதுக்குப் பிறகு கௌபோய் தொப்பி கன பேரின் தலையில ஏறிவிட்டது. அதுக்கு முன்னமே 2018இல் தொடங்கிய 'யெல்லோஸ்டோன்' தொடரும், 2018 டிசம்பரில் வந்த 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டும் பாதி வேலையைச் செய்து வைத்திருந்தன. எங்களுக்கு மூத்த தலைமுறை இதே தொப்பியை லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லரிடமும் ஜெய்சங்கரின் குதிரைப் படங்களிலும் கண்டது. டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் வரையப்பட்ட ஆள் எண்டது வேற கதை.

நாங்கள் இங்கே கதைக்க வாறது அந்தத் தொப்பி எதனால் செய்யப்பட்டது என்பதைப் பற்றி. வாங்கப் போகிற ஒருவர் முதலில் சந்திக்கிற கேள்வி இதுதான்: கம்பளி ஃபெல்ட்டா, உரோம ஃபெல்ட்டா? தொப்பிக் கடைகளின் வழிகாட்டிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விதமாகச் சொல்லும். கம்பளி மலிவு, புதிதாகப் போடுபவர்களுக்குப் பரவாயில்லை. முயல் உரோமம் அதைவிட நல்லது. பீவர் உரோமம் எல்லாத்தையும் விட உயர்ந்தது. இந்தப் படிநிலையில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லப்பட்டிருக்கு. மிச்சப் பாதியைச் சொல்ல 300 வருசம் பின்னால் போக வேணும்.

முதலில் ஃபெல்ட் எண்டால் என்ன? அது நெய்த துணி இல்லை. நூலும் இல்லை, தறியும் இல்லை. செம்மறியின் மயிரை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அதன் மேல் மீனின் செதில் மாதிரிச் சின்னச் சின்னச் செதில்கள் இருக்கும். எல்லாச் செதிலும் ஒரே பக்கம் பார்த்தபடி. ஈரமும் சூடும் கொடுத்து அமுக்கி உருட்டினால் ஒவ்வொரு மயிரும் ஒரு பக்கமாக மட்டும் நகரும், திரும்பி வர முடியாது. அப்படி நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கம்பளிச் சுவெற்றரைத் தெரியாத்தனமாகச் சுடுதண்ணியில் தோய்த்தால் அது சின்னப் பிள்ளையின் சட்டை அளவுக்குச் சுருங்கித் தடித்துப்போகும் அல்லவா, அது விபத்தாக நடந்த ஃபெல்ட். அதையே வேணுமெண்டு செய்தால் தொப்பி. மத்திய ஆசியாவின் மேய்ச்சல் மக்கள் இதை மிகப் பழைய காலத்திலேயே கைப்பழக்கமாக வைத்திருந்தார்கள். அல்தாய் மலையின் பாசிரிக் புதைகுழிகளில் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த ஃபெல்ட் விரிப்புகளுக்கு 2000 வருசத்துக்கு மேல் வயது.

ஆக கம்பளிதான் மூத்த பொருள். அது எப்படி இரண்டாம் தரமாகிப் போனது?

காரணம் பீவர். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆறுகளில் அணை கட்டி வாழும் விலங்கு அது. அதன் தோலில் வெளியே நீளமான முரட்டு மயிர், உள்ளே மிக மெல்லிய அடிமயிர். அந்த அடிமயிரால் செய்த ஃபெல்ட் மெல்லியது, பாரம் குறைந்தது, மழையில் குலையாதது. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மதிப்புள்ள மனிதர் எண்டால் தலையில் பீவர் தொப்பி இருக்க வேணும். ஐரோப்பியப் பீவர் அநேகமாக வேட்டையாடி முடிக்கப்பட்ட நிலையில் வணிகர்களின் கண் அத்திலாந்திக்கின் மற்றக் கரைக்குப் போனது. 1670இல் இங்கிலாந்து அரசனின் சாசனத்தோடு ஹட்சன் பே கொம்பனி உருவானது. கிழக்கிந்தியக் கொம்பனியைப் பாடசாலையில் படித்த எங்களுக்கு இந்த ஏற்பாட்டைப் புதுசாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. அங்க மிளகு, கறுவா, துணி. இங்க தொப்பிக்கு மயிர்.

இதில் ஒரு விசயம் பாருங்கோ. தொப்பித் தொழிலாளர்கள் ஆரம்பத்தில் அதிக விலை கொடுத்தது புதுத் தோலுக்கு இல்லை, பழந்தோலுக்கு. பூர்வகுடி மக்கள் பீவர் தோலை மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கத் தைத்து குளிருக்கு உடுத்துவார்கள். ஒன்றிரண்டு குளிர்காலம் உடுத்தினால் முரட்டு மயிர் தானாக உதிர்ந்து, அடிமயிர் உடம்பின் எண்ணெய் ஊறி ஃபெல்ட்டுக்குப் பதமாகிவிடும். பிரெஞ்சு வணிகர்கள் இதுக்கு 'கொழுப்புப் பீவர்' எண்டே பெயர் வைத்திருந்தார்கள். பாரிசின் சீமான் தன் தலையில் பெருமையாக வைத்தது, அவன் மனிசராகவே மதிக்காத ஒரு கிறீ மனிதரின் உடம்பில் கிடந்து பழசான உடுப்பு.

உடுத்திப் பழகிய தோல் தேவைக்குக் கிடைக்காது. புதுத்தோலின் மயிரிலும், பின்னர் பீவர் அருகிப்போனபோது அதுக்குப் பதிலாக வந்த முயல் மயிரிலும் செதில் வழுவழுப்பானது, இலகுவில் பின்னாது. அதைப் பின்ன வைக்கக் கண்டுபிடிக்கப்பட்ட வழிதான் எங்கள் கட்டுரையின் மையம். பாதரசத்தை நைத்திரிக் அமிலத்தில் கரைத்து அந்தக் கரைசலைத் தோலின் மயிரில் தேய்ப்பார்கள். மயிரின் மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகும், அதுக்குப் பிறகு நல்லாகப் பின்னும். காயும்போது மயிரின் நுனி செம்மஞ்சள் நிறமாகும் என்பதால் ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு கரட் கிழங்கின் பெயரையே வைத்தார்கள். கேட்க வடிவான பெயர்.

அந்தப் பாதரசம் அங்கேயே நிற்கவில்லை. மயிரை வெட்டும்போது தூசாகப் பறந்தது. கொதிதண்ணியில் ஃபெல்ட்டைச் சுருக்கும்போதும், ஆவி பிடித்து அச்சில் இழுக்கும்போதும் ஆவியாக வந்தது. யன்னல் சாத்திய குளிர்காலப் பட்டறைகளில் தொழிலாளர்கள் அதை வருசக்கணக்காகச் சுவாசித்தார்கள். முதலில் கை நடுங்கும், கையெழுத்து கோணும். பிறகு முரசு வீங்கும், பல் ஆடும். பிறகு சுபாவமே மாறும். சின்ன விசயத்துக்கும் கோபம், யாரும் பார்த்தால் கூச்சம், ஆட்களைக் கண்டால் ஒளிதல். 'தொப்பிக்காரனைப் போலப் பைத்தியம்' என்ற ஆங்கிலச் சொலவடைக்கு இதுதான் மூலம் எண்டு பலர் சொல்வார்கள், அறிஞர்கள் இன்னும் அதில் ஒத்துவரவில்லை. ஆனால் ஒண்டு உறுதி: 1865இல் வந்த லூயிஸ் கரோலின் 'அலிஸ்' கதைக்கு முன்னமே அந்தச் சொலவடை இருந்தது. கதையில் தேநீர் விருந்துக்காரன் வெறும் 'தொப்பிக்காரன்' தான், பைத்தியக்காரத் தொப்பிக்காரன் எண்டு புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

நியூ ஜேர்சியின் ஒரேஞ்ச் என்ற ஊர் தொப்பிக்குப் பேர்போனது. அங்கே ஃபிரீமன் என்ற வைத்தியர் 1860இல் தன்னிடம் வந்த தொப்பித் தொழிலாளர்களின் நடுக்கத்தையும் வாய்ப்புண்ணையும் பற்றி மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் எழுதினார். காரணம் பாதரசம் எண்டும் சொன்னார். 1860. இந்த ஆண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ.

இன்னொரு ஊர் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி. 'தொப்பி நகரம்' எண்டு தன்னைத்தானே அழைத்துக்கொண்ட ஊர். அந்த ஊர்க்காரர் நோய்க்கும் தங்கள் ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள்: 'டான்பரி நடுக்கம்'. தெருவில் நடுங்கிக்கொண்டு போகிற கிழவரைப் பார்த்து, ஓ அவர் தொப்பி பக்டரியில் இருந்தவர் எண்டு சொல்லிவிட்டுப் போகிற அளவுக்கு அது சாதாரணம். தொழிற்சங்கம் இல்லையா எண்டு கேட்கலாம். இருந்தது, பலமாகவே இருந்தது. 1902இல் டான்பரியின் ஒரு தொப்பிக் கொம்பனியில் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, அந்தக் கொம்பனியின் தொப்பிகளை நாடு முழுக்க வாங்க வேண்டாம் எண்டு பிரசாரம் செய்தது. முதலாளி லோவ் வழக்குப் போட்டார். 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெருமுதலாளிகளின் ஏகபோகத்தை உடைக்க எழுதிய ஷேர்மன் சட்டத்தைத் தொழிலாளருக்கு எதிராகவே திருப்பிவிட்டது. நட்டஈடு இரண்டரை இலட்சம் டொலருக்கு மேல். அதுக்காக இருநூறுக்கும் மேற்பட்ட சாதாரணத் தொழிலாளரின் வீடுகளும் வங்கிச் சேமிப்பும் முடக்கப்பட்டன. கடைசியில் நாடெங்கும் உள்ள சங்கத்தினர் காசு சேர்த்துத்தான் அந்த வீடுகளைக் காப்பாற்றினார்கள். அரசறிவியல் படிக்கிற நண்பர்களுக்கு இது 'டான்பரி தொப்பித் தொழிலாளர் வழக்கு' எண்டு பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்திருக்கும். அந்த வரிக்குள் எத்தனை நடுங்குகிற கை இருந்தது எண்டு பாடப்புத்தகம் சொல்வதில்லை.

பாதரசம் அமெரிக்கத் தொப்பித் தொழிலை விட்டுப் போனது 1941 டிசம்பரில். ஃபிரீமன் எழுதி 81 வருசம். இடையில் அலிஸ் ஹமில்டன் போன்ற தொழில்நோய் ஆய்வாளர்கள் எழுதினார்கள், பொதுச் சுகாதார சேவையும் ஆராய்ந்தது. பாதரசம் இல்லாத மாற்று இரசாயனங்களும் இருந்தன. ஆனால் தடை வந்த காலத்தைப் பாருங்கோ: போர்க்காலம். வெடிகுண்டுகளின் பற்றுவைப்புக்குப் பாதரசம் தேவைப்பட்டது. தொழிலாளியின் மூளைக்காக விடாததைக் குண்டுக்காக விட்டார்கள் எண்டு சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

இப்ப திரும்பவும் கம்பளிக்கு வருவம். கம்பளி தானாகவே பின்னும். அதன் செதில் அதுக்குப் போதும். ஆகவே கம்பளித் தொப்பிக்கு அந்தப் பாதரசப் பூச்சு தேவைப்படவில்லை. கம்பளியைச் சீவி மெல்லிய படலமாக்கி, இரண்டு கூம்பை அடியோடு அடி ஒட்டினது மாதிரியான ஓர் அச்சில் சுற்றுவார்கள். நடுவில் வெட்டினால் இரண்டு தொப்பிக்கான உடல் கிடைக்கும். அதை ஆவியிலும் வெந்நீரிலும் சுருக்கி அச்சில் இழுத்தால் வேலை முடிந்தது. 'மலிவு' எண்டு தள்ளப்பட்ட தொப்பிதான் செய்தவரின் கையை நடுங்க வைக்காத தொப்பி. தரம் எண்ட சொல் வாங்குபவரின் தலையை மட்டும்தான் அளக்கிறது. செய்தவரின் நுரையீரலை அளக்க அதில் அலகு இல்லை.

ஜோன் பி. ஸ்டெட்சன் 1830இல் பிறந்தது அதே ஒரேஞ்ச் ஊரில். தகப்பனும் தொப்பிக்காரர். இளவயதிலேயே காசநோய் எண்டு வைத்தியர்கள் சொல்ல, சாகிறதுக்கு முன்னம் மேற்கைப் பார்ப்பம் எண்டு கிளம்பி மிசூரிக்கும் பிறகு தங்கம் தேடிக் கொலராடோவுக்கும் போனார். அங்கே முயல் போன்ற விலங்குகளின் மயிரைக் கொண்டு, தறி இல்லாமல் துணி செய்ய முடியும் எண்டு கூட்டாளிகளுக்குக் காட்ட, நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து ஃபெல்ட் செய்தாராம். அதிலேயே பெரிய விளிம்புள்ள ஒரு தொப்பியும் செய்ய, வழியில் வந்த ஒரு வண்டிக்காரர் 5 டொலர் தங்கக்காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனாராம். கொம்பனி விரும்பிச் சொல்கிற கதை இது. நாங்கள் 'ஆம்' போட்டுத்தான் எழுதுகிறம்.

உறுதியானது: 1865இல், உள்நாட்டுப் போர் முடிந்த அதே வருசம், பிலடெல்பியாவில் 100 டொலரோடு கடை தொடங்கினார். அவர் செய்த 'பொஸ் ஒஃப் த பிளேன்ஸ்' எண்ட தொப்பியில் இண்டைக்கு நாம் கௌபோய் தொப்பி எண்டு நினைக்கிற எதுவுமே இல்லை. விளிம்பு தட்டை. மேல்பகுதி மடிப்பே இல்லாத உருண்டை. மேலே உள்ள குழிவும் பக்கவாட்டில் சுருண்ட விளிம்பும் போட்டவர்களின் கை செய்தது. பிடித்துப் பிடித்து, நனைந்து நனைந்து, ஊருக்கு ஒரு விதமாக மடிந்தது. பிறகு கொம்பனிகள் அந்த மடிப்புகளையே அச்சாக்கி விற்கத் தொடங்கின. 1906இல் ஸ்டெட்சன் இறந்தபோது அவருடைய பக்டரி வருசத்துக்குச் சுமார் 20 இலட்சம் தொப்பி செய்துகொண்டிருந்தது. தொழிலாளருக்கு ஆஸ்பத்திரி, வீட்டுக்கடன் சங்கம், நத்தாருக்குப் பரிசு எல்லாம் கொடுத்தவர். நல்ல முதலாளி எண்டு பேர். ஆனால் அதுவும் உரோம ஃபெல்ட் பக்டரிதான். அந்த 20 இலட்சத்தைப் பற்றி எழுதுகிறபோது இதையும் சேர்த்தே எழுத வேணும்.

விலைக்கு வருவம். ஆரம்பத்தில் ஒரு ஸ்டெட்சன் 5 டொலர். அந்தக் காலத்தில் மாடு மேய்த்துக்கொண்டு டெக்சாசில் இருந்து கன்சாஸ் ரெயில் நிலையம் வரை நடத்திப்போன ஒரு கௌபோயின் மாதச் சம்பளம் 25 முதல் 40 டொலர். ஆக ஒரு தொப்பி ஒரு வாரச் சம்பளத்துக்குக் கிட்ட. 1883இல் டெக்சாஸின் வடக்கே கௌபோய்கள் மாதம் 50 டொலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். எந்தக் கௌபோய் படத்திலாவது வேலைநிறுத்தம் பார்த்திருக்கிறீங்களா? துப்பாக்கிச் சண்டைதான் வரும்.

படத்தில் வராத இன்னும் இரண்டு. ஒன்று, கௌபோய் எண்ட வேலையே மெக்சிக்கோவின் வக்கேரோக்களிடம் இருந்து வந்தது. 'வக்கா' எண்டால் ஸ்பானிய மொழியில் பசு. ராஞ்ச், ரோடியோ, லரியட் எல்லாம் ஸ்பானியச் சொற்கள். அகன்ற விளிம்புத் தொப்பியின் முன்னோடியான சொம்பிரேரோவின் பெயரில் இருக்கிற 'சொம்பிரா' எண்டால் நிழல். இரண்டாவது, வரலாற்றாசிரியர்களின் மதிப்பீட்டில் நாலு கௌபோய்க்கு ஒருவர் கறுப்பர். அடிமைத்தளையில் இருந்து விடுபட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். நாட் லவ் 1907இல் தன் சுயசரிதையை எழுதினார். மாட்டின் கொம்பைப் பிடித்து மடக்கி விழுத்துகிற ரோடியோ விளையாட்டைப் பிரபலமாக்கிய பில் பிக்கெட் ரோடியோ புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது 1971இல், அவர் இறந்து 39 வருசத்துக்குப் பிறகு. பியோன்சே தொப்பி போட்டபோது 'இது அவர்களுடையதா' எண்டு முணுமுணுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

இன்னும் சுவாரசியமானது, எல்லாரும் அந்தத் தொப்பியைப் போடவும் இல்லை. 1900இல் ஃபோர்ட் வேர்த் நகர ஸ்டூடியோ ஒன்றில் புச் கசிடியும் சண்டான்ஸ் கிட்டும் கூட்டாளிகளோடு எடுத்த புகழ்பெற்ற படத்தில் ஐந்து பேர் தலையிலும் லண்டன் கிளார்க்மார் போடுகிற உருண்டைப் போலர் தொப்பி. ரெயில் கொள்ளையரின் உண்மையான தலை அது. ஒரே மாதிரியான பெரிய தொப்பியை எல்லாத் தலையிலும் வைத்தது ஹொலிவூட். 1920களில் டொம் மிக்ஸ் போட்ட வானளாவிய வெள்ளைத் தொப்பிகள்தான் பிறகு வந்த எல்லாத்துக்கும் தாய்.

கம்பளித் தொப்பி இந்தக் கதையில் எங்கே நின்றது? ஏழையின் தலையில். 19ஆம் நூற்றாண்டில் வடக்கு மாநிலங்களின் பட்டறைகள் தெற்கின் தோட்டங்களுக்காக, அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்குக் கொடுப்பதற்கெண்டே மலிவான முரட்டுத் துணி, சப்பாத்து, தொப்பி செய்து அனுப்பின. அடிமை முறையை எதிர்த்துப் பேசிய ஊர்களிலும் அந்தக் காசு புழங்கியது. பிறகு ஜோர்ஜியா மாநிலத்தில் 'கம்பளித் தொப்பிப் பெடியள்' எண்டது ஏழை வெள்ளை விவசாயிகளுக்கு ஒரு அரசியல் பெயர். நகரத்தார் ஏளனமாகச் சொன்னார்கள், அவர்களின் வாக்கில் ஏறி வந்த அரசியல்வாதிகள் பெருமையாகச் சொன்னார்கள். அதே அரசியல்வாதிகள் கறுப்பருக்கு எதிரான வெறியையும் அந்தத் தொப்பிக்குள் ஊற்றினார்கள் என்பதையும் மறைக்க ஏலாது. ஏழையின் தொப்பி எண்டதால் அது தானாக நல்ல பக்கத்தில் நிற்பதில்லை.

சரி, இண்டைக்கு ஒருவர் கம்பளி ஃபெல்ட் தொப்பி வாங்கினால் எதைப் பார்க்க வேணும்? எங்கள் பதில் நீளமாக இல்லை. தலையை அளக்க வேணும்: காதுக்கு மேலே, நெற்றியின் நடுவால், நாடாவைச் சுற்றி. அமெரிக்க அளவு எண்டது அந்தச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து பையால் பிரித்த விடை. அதனால்தான் 58 சென்ரிமீற்றர் தலைக்கு 7¼ எண்டு ஒரு விசித்திர எண் வரும். வாங்கும்போது ஃபெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தடிப்பு எல்லா இடமும் ஒரே அளவா எண்டு பார்க்கலாம். விளிம்பை மெதுவாக வளைத்துவிட்டால் திரும்பி வர வேணும். உள்ளே நெற்றியைச் சுற்றியுள்ள பட்டி தோலா, துணியா எண்டு பார்க்கலாம். தோல்ப்பட்டி காலப்போக்கில் தலையின் வடிவத்துக்கு இறங்கி வரும்.

தொப்பிக்குள் அச்சிட்டிருக்கும் எக்ஸ் குறிகளை நம்பி ஏமாற வேண்டாம். ஒரு காலத்தில் எக்ஸ் கூடக்கூடப் பீவர் கூட எண்டு அர்த்தம். இண்டைக்கு அதுக்குப் பொதுத்தரம் ஒன்றுமே இல்லை. ஒரு கொம்பனியின் 6 எக்ஸும் இன்னொரு கொம்பனியின் 6 எக்ஸும் ஒரே பொருள் இல்லை. விறைப்பைப் பற்றியும் ஒரு சொல்: ஃபெல்ட்டை விறைப்பாக்கக் காலங்காலமாகப் பாவித்தது ஷெலாக், அதாவது எங்கட அரக்கு. பாரதத்தில் மாளிகை கட்டின அதே அரக்கு. இந்தியாவின் மரங்களில் பூச்சி விட்ட பிசின் கப்பலேறிப் போய் டெக்சாஸ்காரரின் விளிம்பை நிமிர்த்தி வைத்தது.

பராமரிப்பு முழுக்க நாம் மேலே சொன்ன செதிலின் கதைதான். ஈரம், சூடு, அசைவு மூன்றும் சேர்ந்துதான் கம்பளி ஃபெல்ட் ஆனது. தொப்பியான பிறகும் அந்த ஆசை அதுக்குப் போகாது. மழையில் நனைந்த கம்பளித் தொப்பியை அடுப்புக்குப் பக்கத்திலோ வெயில் ஏறிய காருக்குள்ளோ வைத்தால் அது திரும்பவும் சுருங்கத் தொடங்கும், உள்பட்டியும் சுருங்கித் தலையை இறுக்கும். உரோம ஃபெல்ட்டை விடக் கம்பளி தண்ணியைக் கூட உறிஞ்சும், கூடத் தொய்யும் என்பதால் மழை கண்டால் கழற்றிவிடுவது நல்லது. நனைந்துவிட்டால் உதறி, உள்பட்டியை வெளியே திருப்பிவிட்டு, நிழலில் தானாகக் காய விட வேணும். ஹெயார் டிரையர் வேண்டவே வேண்டாம்.

மேலே உள்ள மடிப்பைக் கிள்ளித் தூக்கக் கூடாது. படத்தில் அப்படித்தான் தூக்குவார்கள், ஆனால் விரல் படுகிற அந்த இடம்தான் முதலில் வெடிக்கும். முன்னும் பின்னும் விளிம்பைப் பிடித்துத் தூக்க வேணும். மேசையில் வைப்பதெண்டால் தலைகீழாக. விளிம்பில் நிற்க வைத்தால் விளிம்பு தட்டையாகிவிடும். கட்டிலில் தொப்பி வைத்தால் கெட்ட சகுனம் எண்டு அமெரிக்க மேற்கில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆரும் மேல இருந்திடுவினம் எண்ட பயம்தான் காரணமெண்டு நாங்கள் நினைக்கிறம், ஆனால் சகுனம் எண்டு சொன்னால்தானே ஆட்கள் கேட்பினம். தூசியைக் குதிரைமயிர்த் தூரிகையால், மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் தட்டிவிடலாம், தொப்பியை முடிக்கும்போது மயிர் படிய வைத்த போக்கு வழமையாக அதுதான். கறுப்புக்கு ஒரு தூரிகை, வெளிர் நிறத்துக்கு வேறொன்று. அழுக்குப் புள்ளிக்குப் பாணின் வெள்ளைப் பகுதியை உருட்டி ஒற்றுவது பழைய வழி, இன்னும் வேலை செய்யும். நீண்ட காலம் வைப்பதெண்டால் பூச்சியைக் கவனிக்க வேணும். கம்பளிப் பூச்சியின் புழுவுக்கு மயிரின் கெரட்டின்தான் சாப்பாடு. செம்மறிமயிர், முயல்மயிர், பீவர்மயிர் எண்டு அது தரம் பார்ப்பதில்லை.

இன்னும் ஒன்றை வழிகாட்டிகள் அநேகமாகச் சொல்வதில்லை. இப்ப பழைய தொப்பிகளுக்கு ஒரு மோகம் இருக்கு, இணையத்தில் ஏலம் போகுது. 1941க்கு முந்திய உரோம ஃபெல்ட் தொப்பிகளில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம். அரும்பொருளகங்களில் அவற்றைச் சோதித்துப் பார்த்து, கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள். அப்படி ஒரு தொப்பி கைக்கு வந்தால் அதைக் கேத்தல் ஆவியில் பிடித்து மடிப்பைத் திருத்தப் பார்க்க வேண்டாம். டான்பரியில் யன்னல் சாத்திய அறைக்குள் நடந்ததும் அதே வேலைதான். ஆவி பிடித்து விளையாட வேணுமெண்டால், கடையில் கடைசித் தட்டில் கிடக்கிற புதுக் கம்பளித் தொப்பி ஒன்றை எடுங்கோ.